மாஸ்டடான் ஃபீடை ஃபோனில் சேமிப்பது: நான்கு வழிகளில் எது?

நெட் சுத்தமாகப் போய்விட்டால் தொல்லை குறைவு. விமானப் பயன்முறையில் செயலியைத் திறந்தால் இணைப்பு இல்லை என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும். பாடாய்ப்படுத்துவது பாதி உயிரோடு கிடக்கும் நெட்தான். லிஃப்டுக்குள், அடித்தள வாகன நிறுத்தத்தில், மலைப்பாதை வளைவில் சிக்னல் இரண்டு கோடு காட்டும். ஒரு பைட்டும் வராது. ஆண்ட்ராய்டு செயலிகள் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் ஓகேஎச்டிடிபி நூலகத்தில் இணைவதற்கு 10 வினாடி, படிப்பதற்கு 10 வினாடி என்பது இயல்பான காத்திருப்பு. அதிலும் படிக்கும் காத்திருப்பு என்பது ஒரு பைட்டுத் துணுக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம். மொத்த அழைப்புக்கு இயல்பாக வரம்பே கிடையாது. சொட்டுச் சொட்டாகத் தரவு வரும் இடத்தில் வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிழைச் செய்தி வரவே வராது.

ஃபீடுக்கு (திரையில் ஓடும் பதிவுகளின் பட்டியலுக்கு) ஆஃப்லைன் கேஷ், அதாவது ஃபோனிலேயே வைக்கும் நகல் என்பது முதலில் இந்த நோய்க்கான மருந்து. திறந்ததும் திரையில் ஏதாவது இருக்க வேண்டும். சர்வரைக் கேட்பது அதன் பின்னால் நடக்கட்டும். இதற்கு மேல் எவ்வளவு தூரம் போவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பொதுப்படையாகப் பேசினால் எல்லா வழியும் நல்லதாகவே தெரியும். எனவே ஒரு குறிப்பிட்ட செயலியை எடுத்துக்கொள்வோம்: ஆண்ட்ராய்டில் காட்லின் மொழியில் எழுதும், மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்கான செயலி. அதன் ஏபிஐ (செயலி சர்வரைக் கேட்கும் முறை) பொதுவில் இருக்கிறது, யாரும் சோதித்துப் பார்க்கலாம். முகப்பு டைம்லைனைக் கேட்டால் இயல்பாக 20 பதிவுகள் வரும், அதிகபட்சம் 40. ஒவ்வொருவரின் முகப்பிலும் சர்வர் வைத்திருப்பது சுமார் 800 பதிவுகள்தான்; அதற்குக் கீழே ஸ்க்ரோல் செய்ய அங்கேயே சரக்கு இல்லை. ஒரு கணக்குக்கு 5 நிமிடத்தில் 300 அழைப்புகள் வரை அனுமதி.

அளவுக் கணக்கும் இப்போதே போட்டுவிடலாம். ஒரு பதிவின் ஜேசன் (சர்வர் தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) சராசரியாக 4 கேபி என்று வைத்தால் (உங்கள் கணக்கில் அளந்து பாருங்கள், நிறைய தனி எமோஜியும் இணைப்பு அட்டையும் இருந்தால் கூடும்) 40 பதிவுள்ள ஒரு பக்கம் 160 கேபி, 800 பதிவும் சேர்ந்து 3.2 எம்பி. எழுத்து ஒரு சுமையே இல்லை. இடத்தைத் தின்பது படங்கள். அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம், ஏனென்றால் நான்கு வழிகளுக்கும் அது ஒரே வேலைதான்.

முதல் வழி: எச்டிடிபி கேஷை நம்புவது

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஓகேஎச்டிடிபி-க்கு ஒரு கோப்புறையையும் 10 எம்பி வரம்பையும் கொடுத்துவிட்டால் அதுவே சேமித்துக்கொள்ளாதா?

மாஸ்டடானில் சேமிக்காது. உள்நுழைந்தவருக்கு வரும் ஏபிஐ பதிலில் கேஷ்-கன்ட்ரோல் தலைப்பில் ‘பிரைவேட், நோ-ஸ்டோர்’ என்று இருக்கும். அதை மீற வேண்டுமானால் நெட்வொர்க் இன்டர்செப்டர் (அழைப்பை நடுவில் மறித்து மாற்றும் நிரல்) ஒன்றை எழுதி, பதில் கேஷுக்குப் போவதற்கு முன் தலைப்பை மாற்ற வேண்டும். சாதாரண அப்ளிகேஷன் இன்டர்செப்டரில் மாற்றினால் பலன் இல்லை. அது கேஷுக்கு மேலே உட்கார்ந்திருப்பது. நெட் இல்லாத நேரத்தில் கேஷிலிருந்து எடுக்க, கேட்கும் பக்கத்தில் ‘ஒன்லி-இஃப்-கேஷ்டு’ போட வேண்டும். கேஷில் அது இல்லாவிட்டால் 504 என்ற பிழை எண் வரும், அதைப் பிழையாகக் காட்டாமல் விழுங்க வேண்டும். பதிலின் உடலைக் கடைசி பைட் வரை படித்து முடித்தால்தான் அது கேஷில் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாதியில் ரத்தான அழைப்பு எதையும் விட்டுச்செல்லாது.

இவ்வளவையும் செய்தபின்பும் கிடைப்பது அரைகுறை. இந்தக் கேஷுக்குச் சாவி யூஆர்எல். முதல் பக்கத்தின் யூஆர்எல் எப்போதும் ஒன்றே. இரண்டாம் பக்கத்தின் யூஆர்எல்லில் ‘மேக்ஸ்_ஐடி’ (இந்த ஐடிக்குப் பழையதைத் தா என்ற குறிப்பு) இருக்கும், அது முதல் பக்கத்தின் கடைசிப் பதிவைப் பொறுத்து மாறும். காலையில் இரண்டு பக்கம் படித்தீர்கள், மாலையில் முதல் பக்கம் மட்டும் புதுப்பித்தது, பிறகு நெட் போனது: இப்போது இரண்டாம் பக்கத்துக்கான புதிய யூஆர்எல் கேஷில் இல்லை, 504. காலையில் சேமித்த இரண்டாம் பக்கம் டிஸ்க்கில் அநாதையாகக் கிடக்கும், யாரும் அதைக் கேட்கப்போவதில்லை.

ஒரே சர்வரில் இரண்டு கணக்கு வைத்திருப்பவருக்கு இன்னும் மோசம். இரண்டு கணக்குக்கும் முகப்பு யூஆர்எல் ஒன்றுதான், ஒரு யூஆர்எல்லுக்குக் கேஷில் ஒரு இடம்தான். தலைப்புகளை மாற்றும் வேகத்தில் ‘வேரி’ தலைப்பையும் (கேட்பவரைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்வது) நீக்கிவிட்டால், ஒருவரின் முகப்பு மற்றவரின் திரையில் வந்து நிற்கும். இது வெறும் பிழை என்பதைத் தாண்டி அந்தரங்கப் பிரச்சினை.

எச்டிடிபி கேஷுக்கு வேறு இடம் உண்டு. சர்வரின் விவரம், தனி எமோஜிப் பட்டியல் போல எல்லாருக்கும் பொதுவாக, அரிதாக மாறும் பதில்களுக்கு அது கச்சிதம். ஃபீடுக்கு வேண்டாம்.

இரண்டாம் வழி: முதல் பக்கத்தை ஒரு கோப்பில் எழுதி வைப்பது

இது யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத வழி. ஆனால் கொடுத்த உழைப்புக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் நான்கில் இதுதான் முந்தி நிற்கும். முதல் பக்கம் வெற்றிகரமாக வந்ததும் அந்த 40 பதிவையும் அப்படியே ஒரு கோப்பில் எழுதுங்கள். அடுத்த முறை செயலி திறக்கும்போது முதலில் கோப்பைப் படித்துத் திரையில் போடுங்கள், பிறகு சர்வரைக் கேளுங்கள். ஒரு நாள் வேலை. 160 கேபி கோப்பைப் பின்னணித் திரெட்டில் படித்துப் பிரிப்பதைப் பயனர் கவனிக்கவே மாட்டார்.

சரியாகச் செய்ய வேண்டியவை சில. எழுதும்போது செயலி கொல்லப்பட்டால் பாதிக் கோப்பு மிஞ்சும்; ஆண்ட்ராய்டின் ‘அட்டாமிக்ஃபைல்’ வகுப்பு இதற்கென்றே இருக்கிறது. கோப்பின் தலையில் வடிவ எண் ஒன்றை எழுதுங்கள். செயலியின் புதிய பதிப்பு வேறு எண்ணை எதிர்பார்த்தால் கோப்பைத் தூக்கிப் போடட்டும், மாற்றி அமைக்க முயல வேண்டாம். கணக்குக்கு ஒரு கோப்பு. வெளியேறினால் கோப்பும் போக வேண்டும். ‘கேஷ்டிர்’ கோப்புறையில் வைத்தால் ஃபோனில் இடம் குறையும்போது ஆண்ட்ராய்டு கேட்காமலே அழித்துவிடும். இடம் குறைந்த பழைய ஃபோனில்தான் இந்த வசதி அதிகம் தேவைப்படும் என்பதால் ‘நோபேக்கப்ஃபைல்ஸ்டிர்’ நல்லது.

திரையில் ஒரு வழுக்கல் உண்டு. பழைய 40 பதிவு தெரிகிறது, பயனர் மூன்றாவதைப் படித்துக்கொண்டிருக்கிறார், நான்கு வினாடி கழித்துப் புதிய பக்கம் வந்து பட்டியலையே மாற்றிவிடுகிறது; படித்த பதிவு கண்முன்னே காணாமல் போகிறது. கேஷ் இல்லாத செயலியில் இந்தக் கோபம் வராது, கேஷ் போட்ட பிறகுதான் வரும். பட்டியலை மாற்றாமல் மேலே ‘புதிய பதிவுகள்’ என்று ஒரு பொத்தான் காட்டுங்கள், அவர் தொட்டால் மாற்றுங்கள். பயனர் இன்னும் திரையைத் தொடவே இல்லை என்றால் மட்டும் தானாக மாற்றலாம்.

இந்த வழியின் எல்லை எங்கே? 120 பதிவு வரை கோப்பை வளர்க்கலாம். 400 என்று ஆசைப்பட்டால் ஒரு லைக்குக்காக 1.6 எம்பி கோப்பை முழுதும் திரும்ப எழுத வேண்டிவரும். நடுவில் ஒரு பதிவை மாற்றுவது, ஒருவரைத் தடுத்ததும் அவர் பதிவுகளைக் களைவது எல்லாமே முழுப் பட்டியலையும் புரட்டும் வேலை. அந்த இடத்தில் டேட்டாபேஸுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாம் வழி: டேட்டாபேஸ்தான் ஃபீடு

இதில் திரை சர்வரின் முகத்தையே பார்ப்பதில்லை. சர்வரிலிருந்து வருவது டேட்டாபேஸில் விழும், திரை டேட்டாபேஸை மட்டும் கவனிக்கும். ஆண்ட்ராய்டில் ரூம் என்ற டேட்டாபேஸ் நூலகமும், பட்டியலைப் பக்கம் பக்கமாக ஏற்றும் பேஜிங் 3-உம் சேர்ந்த அமைப்பு இன்று வழக்கம். எஸ்க்யூஎல்டிலைட் என்ற டேட்டாபேஸ் நூலகமும் நன்றாக வேலை செய்யும், குறிப்பாக ஐஓஎஸ்ஸோடு நிரலைப் பகிர்ந்தால். ரியல்ம் என்ற டேட்டாபேஸை இப்போது புதிதாகத் தொட வேண்டாம். அதன் சிங்க் சேவையைக் கைவிடுவதாக மோங்கோடிபி 2024 செப்டம்பரில் அறிவித்துவிட்டது.

ஒன்றரை வாரம் என்று திட்டமிட்டால் மூன்று வாரம் ஆகும் வேலை இது. நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், சேமிப்பதில் போவதில்லை. பதிவுகளை டேபிளில் போடுவது இரண்டு நாள். மீதி எல்லாம் வரிசை, இடைவெளி, நீக்கம் ஆகிய மூன்றில்.

டேபிள்கள் இரண்டு போதும். ஒன்று பதிவுகளுக்கு, மற்றொன்று டைம்லைன் வரிசைக்கு. ஏன் பிரிக்க வேண்டும் என்றால், ஒரே பதிவை உங்கள் நண்பர் பூஸ்ட் (மறுபகிர்வு) செய்தால் டைம்லைனில் அது வேறொரு ஐடியோடு வரும், உள்ளே இருப்பதோ பழைய பதிவு. சேர்த்து வைத்தால் ஒன்றில் லைக் செய்தது மற்றொன்றில் தெரியாது. இரண்டு டேபிளிலும் முதன்மைச் சாவியில் கணக்கின் ஐடியும் இருக்கட்டும்: லைக் செய்தாரா, புத்தகக்குறி வைத்தாரா என்பது கணக்குக்குக் கணக்கு மாறும்.

ஒரு பதிவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை போடத் தேவையில்லை. தேடவும் மாற்றவும் வேண்டியவை மட்டும் நெடுவரிசை: ஐடி, எழுதியவர், நேரம், லைக், பூஸ்ட், புத்தகக்குறி. மீதியை ஜேசனாக ஒரே நெடுவரிசையில் வையுங்கள். சர்வர் புதிய புலம் சேர்த்தால் ஸ்கீமா (டேபிள் அமைப்பு) மாற்றம் வேண்டாம். ஆனால் முழுப் பக்கத்தையோ பட்டியலையோ டேபிளின் ஒரே வரிசையில் (ரோ) திணிக்காதீர்கள். ஆண்ட்ராய்டின் கர்சர் விண்டோ (டேபிளிலிருந்து படித்ததை வைக்கும் இடம்) 2 எம்பி-தான், அதைத் தாண்டும் வரிசையை எழுத முடியும், படிக்க முடியாது.

முதல் கண்ணி வரிசைப்படுத்தல். ஐடி எழுத்துச் சரமாக வருகிறது. எண்ணாக மாற்றி லாங் என்ற எண் வகையில் வைத்தால் மாஸ்டடானில் ஓடும். இதே ஏபிஐ-யைப் பேசும் கோடுசோஷியல் சர்வரில் ஐடி என்பது 26 எழுத்து யூஎல்ஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த சரம்), செயலி அங்கே விழும். சரமாகவே வரிசைப்படுத்தினால் ‘99’ என்பது ‘100’-ஐவிடப் பெரியதாகிவிடும். வழி எளிது: முதலில் நீளத்தால் இறங்குவரிசை, நீளம் ஒன்றானால் சரத்தால் இறங்குவரிசை. காட்லின் பக்கத்தில் ஒப்பிடும் செயற்கூறும் இதே விதியில் இருக்க வேண்டும். டேட்டாபேஸ் ஒரு வரிசையும் நிரல் வேறொரு வரிசையும் வைத்திருந்தால் வரும் பிழையைக் கண்டுபிடிப்பது கொடுமை.

இடைவெளி

இதுதான் விஷயத்தின் இதயம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரவு 11 மணிக்குப் படித்து முடித்தீர்கள். டேட்டாபேஸில் மிகப் புதிய பதிவின் ஐடி 500 என்று வையுங்கள் (நிஜ ஐடி இதைவிட நீளம், படிக்க வசதிக்காக). காலை 8 மணிக்குத் திறக்கிறீர்கள். சர்வர் புதிய 40 பதிவைத் தருகிறது: 900-இலிருந்து 830 வரை. டேட்டாபேஸில் போட்டால் 830-க்கு அடுத்து 500 ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இரவெல்லாம் வந்தவை இல்லை. இல்லை என்பதே தெரியாது. பயனர் தொடர்ச்சியாகப் படிப்பதாக நினைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரத்தைத் தாண்டிவிடுவார். கேஷே இல்லாத செயலி இந்தப் பொய்யைச் சொல்லியிருக்காது.

எனவே வந்த பக்கத்தின் மிகப் பழைய ஐடி, நம்மிடம் உள்ள மிகப் புதிய ஐடியைவிடப் பெரியதாக இருந்தால் நடுவில் ஓர் இடைவெளி வரிசையை நுழைக்க வேண்டும். டைம்லைன் டேபிளில் பதிவு ஐடி காலியாக உள்ள ஒரு வரிசை. திரையில் ‘மேலும் காட்டு’ என்று ஒரு பட்டை. பயனர் தொட்டதும் ‘மேக்ஸ்_ஐடி’ 830, ‘சின்ஸ்_ஐடி’ 500 (830-க்குப் பழையவை, 500-க்குப் புதியவை) என்று கேளுங்கள். வருவது 829-இலிருந்து 760 வரை என்றால் பட்டை 760-க்குக் கீழே நகரும்.

எப்போது மூடியது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பலர் இரண்டு தப்பு செய்கிறார்கள். ‘40 கேட்டேன், 37 வந்தது, எனவே முடிந்தது’ என்பது முதல் தப்பு. சர்வர் வடிகட்டிய பிறகு அனுப்புவதால் நடுப்பக்கத்திலும் குறைவாக வரலாம். காலியாக வந்தால், அல்லது லிங்க் தலைப்பில் அடுத்த பக்கம் இல்லாவிட்டால்தான் முடிவு. இரண்டாவது தப்பு, வந்த பக்கத்தில் 500 இருக்கிறதா என்று சமம் பார்ப்பது. 500 எழுதியவர் அதை இரவே நீக்கியிருந்தால் அது என்றுமே வராது, பட்டையும் போகாது. ‘சின்ஸ்_ஐடி’ போடாமல் கேட்பதாக இருந்தால், பக்கத்தின் மிகப் பழைய ஐடி 500-க்குச் சமமோ சிறியதோ என்று பாருங்கள். 498 வந்தாலும் நாம் 500-ஐத் தாண்டிவிட்டோம், இடைவெளி மூடியது.

‘சின்ஸ்_ஐடி’-யும் ‘மின்_ஐடி’-யும் ஒன்றென நினைப்பது அடுத்த வழுக்கல். 500-க்கு மேல் கேட்டால், முன்னது உச்சியிலிருந்து 40 தரும். பின்னது 500-ஐ ஒட்டி அதற்கு மேலே உள்ள 40 தரும். விட்ட இடத்திலிருந்து மேல்நோக்கிப் படிக்கும் செயலி என்றால் ‘மின்_ஐடி’ போதும், இடைவெளியே வராது. ஆனால் இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவருக்கு நேற்றிரவு 11:05-இன் பதிவுகள் வரும். இரண்டில் எது என்பது பயனர் எப்படிப் படிக்கிறார் என்ற கேள்வி. பெரும்பாலானோருக்கு உச்சியும் பட்டையும்தான் சரி.

நீக்கம் இதே கணக்கில் வந்துவிடும். வந்த பக்கம் 900 முதல் 830 வரை என்றால், அந்த எல்லைக்குள் டேட்டாபேஸில் இருந்து, பக்கத்தில் இல்லாத எதுவும் சர்வரில் இல்லை, அழித்துவிடலாம். பின்தொடர்வதை நிறுத்தியவரின் பதிவுகளும் இப்படியே உதிரும். ஒரே விதிவிலக்கு: சில நாட்கள் வராமலிருந்த கணக்கின் முகப்பைச் சர்வர் மறுபடி கட்டிக்கொண்டிருக்கும்போது வழக்கமான 200 என்ற நிலை எண்ணுக்கு மாறாக 206 வரும். அப்போது பட்டியல் அரைகுறை. 206-ஐ வைத்து எதையும் அழிக்காதீர்கள், இடைவெளியையும் மூடாதீர்கள். விடுமுறை முடிந்து திரும்பியவர் ‘என் ஃபீடு காலியாகிவிட்டது’ என்று எழுதும் புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த எண்தான் இருக்கும்.

தடுத்தல், மறைத்தல் இரண்டும் சர்வரை எதிர்பார்க்கக் கூடாது. பயனர் ஒருவரைத் தடுத்த கணமே அவர் எழுதியதும் அவர் பூஸ்ட் செய்ததும் டேட்டாபேஸிலிருந்து போக வேண்டும். தடுத்தவரின் முகம் மறுநாள் கேஷிலிருந்து எட்டிப் பார்ப்பதைப் போல மோசமானது வேறில்லை.

பேஜிங் 3-உம் ரிமோட்மீடியேட்டரும்

கூகுளின் மாதிரி நிரல் புதுப்பிக்கும்போது டேபிளைத் துடைத்துவிட்டு முதல் பக்கத்தை எழுதும். சர்வர் பதில் வந்த பிறகே துடைப்பதால் தோல்வியில் எதுவும் போகாது. ஆனால் வெற்றியில் போகும்: 400 பதிவு சேமிப்பில் இருந்தது, பிளாட்ஃபாரத்தில் நின்று ஒருமுறை இழுத்துப் புதுப்பித்தீர்கள், ரயில் சுரங்கத்துக்குள் போனது, கையில் 40-தான். ஆஃப்லைன் வாசிப்புக்கு இது நேர் எதிர். துடைக்காமல், மேலே சொன்ன எல்லைக் கணக்கில் ஒட்டுங்கள்.

மேல்நோக்கி ஏற்றுவதை ரிமோட்மீடியேட்டரிடம் (சர்வரிலிருந்து பக்கங்களை டேட்டாபேஸுக்குக் கொண்டுவரும் பேஜிங் 3-இன் பகுதி) விடாதீர்கள். அதற்கு எப்போதும் ‘முடிந்தது’ என்று பதில் சொல்லிவிட்டு, உச்சியையும் இடைவெளியையும் உங்கள் சொந்த நிரலில் கையாளுங்கள். கீழ்நோக்கி ஏற்றுவதற்கு மட்டும் அது இருக்கட்டும். தொடக்கத்தில் கட்டாயப் புதுப்பிப்பு என்று சொன்னால், அது வெற்றி பெறும் வரை கீழ்நோக்கிய ஏற்றலையும் அது தடுத்து வைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முதல் ஏற்றலின் அளவு இயல்பாகப் பக்க அளவைப் போல் மூன்று மடங்கு. 40 வைத்திருந்தால் 120 கேட்கும், சர்வர் 40-தான் தரும். ‘கேட்டதைவிடக் குறைவு, எனவே ஃபீடு முடிந்தது’ என்று எழுதியிருந்தால் முதல் பக்கத்தோடு ஃபீடு நின்றுவிடும்.

ரூம் கவனிப்பது டேபிள் அளவில். ஒரு வரிசையைத் தொட்டாலும் பட்டியல் மறுபடி படிக்கப்படும். லைக்குக்கு அது பரவாயில்லை. படித்த இடத்தை அதே டேபிளில் ஸ்க்ரோலுக்கு ஸ்க்ரோல் எழுதினால் பட்டியல் துடித்துக்கொண்டே இருக்கும். படித்த இடத்தை டேட்டாஸ்டோரில் (சிறு தகவல்களைத் தனியாகச் சேமிக்கும் நூலகம்), செயலி பின்னால் போகும்போது ஒருமுறை எழுதுங்கள். அதையும் எத்தனையாவது பதிவு என்று எழுதாமல் எந்த ஐடி, எத்தனை பிக்ஸல் தள்ளி என்று எழுதுங்கள். இன்னொன்று, ‘ரீப்ளேஸ்’ முறையில் எழுதினால் எஸ்க்யூலைட் பழைய வரிசையை நீக்கிப் புதிதாகச் சேர்க்கும். அயல்சாவியில் ‘கேஸ்கேடு’ வைத்திருந்தால் டைம்லைன் வரிசையும் சேர்ந்து போய்விடும். ரூம் 2.5 முதல் ‘அப்சர்ட்’ (இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் சேர்) இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

நான்காம் வழி: செயலையும் வரிசையில் நிறுத்துவது

மூன்றாம் வழி படிக்க உதவும். நெட் இல்லாமல் லைக் போடுவது, பதில் எழுதுவது, காலையில் எழும் முன்பே ஃபீடு தயாராக இருப்பது ஆகியவை இதற்கு மேல். இங்கே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக வாங்க வேண்டியதில்லை.

லைக், புத்தகக்குறி: சேர்த்துவிடலாம். இருமுறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே என்பதால் ஆபத்து இல்லை. அனுப்ப வேண்டியவை டேபிளில் ஒரு பதிவுக்கு ஒரு வரிசை, இறுதி நிலை மட்டும். லைக் போட்டு எடுத்து மறுபடி போட்டால் ஒரே அழைப்பு. ஒர்க்மேனேஜரிடம் (பின்னணி வேலைகளை நடத்தும் ஆண்ட்ராய்டு நூலகம்) ‘நெட் இருந்தால்’ என்ற நிபந்தனையோடு கொடுங்கள். 5xx-உம் (சர்வர் பக்கப் பிழை) இணைப்புத் தோல்வியும் வந்தால் மறுமுயற்சி. 404 வந்தால் பதிவே போய்விட்டது, வரிசையைத் தூக்குங்கள். 401 என்றால் டோக்கன் (உள்நுழைவுச் சாவி) செத்துவிட்டது, முயன்று பயனில்லை. 429 (அழைப்பு வரம்பு தாண்டியது) என்றால் எப்போது திரும்ப வரலாம் என்று தலைப்பிலேயே இருக்கும்.

புதிய பதிவு எழுதி அனுப்புவது வேறு ரகம். அனுப்பிய பிறகு, பதில் வருவதற்குள் நெட் அறுந்தால் சர்வரில் பதிவு ஏறியதா இல்லையா என்று தெரியாது. இதற்காகவே மாஸ்டடான் ‘ஐடெம்பொட்டன்சி-கீ’ என்ற தலைப்பை ஏற்கிறது: அதே சாவியோடு மறுபடி அனுப்பினால் இரண்டாவது பதிவு உருவாகாது. ஆனால் சர்வர் அந்தச் சாவியை 1 மணி நேரம் வரைதான் நினைவில் வைத்திருக்கும். ஒர்க்மேனேஜரின் மறுமுயற்சி இடைவெளி 30 வினாடியில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய் 5 மணி நேரம் வரை நீளும். ஆகவே மலையிலிருந்து இறங்கி வந்ததும் ஒரே வாசகம் இரண்டு முறை வெளியாகும். முதல் முயற்சிக்குப் பிறகு 1 மணி நேரம் தாண்டிவிட்டால் தானாக அனுப்பாமல் வரைவில் வைத்துப் பயனரைக் கேளுங்கள். சாவியைப் பயனர் ‘அனுப்பு’ தொட்டபோதே உருவாக்கி டேபிளில் எழுதுங்கள். முயற்சிக்கு ஒன்று உருவாக்கினால் சாவிக்கே அர்த்தமில்லை.

அனுப்ப வேண்டியவற்றைக் கேஷோடு ஒரே டேட்டாபேஸில் வைக்காதீர்கள். கேஷ் டேட்டாபேஸில் ஸ்கீமா மாறினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நியாயமான சோம்பேறித்தனம்; ரூமிலேயே அதற்கு ஒரு வரி இருக்கிறது. அதே வரி பயனர் எழுதி அனுப்பாத பதிவையும் அழித்துவிடும். இரண்டு கோப்பு: ஒன்று அழியலாம், மற்றது அழியவே கூடாது.

பின்னணியில் முன்கூட்டியே ஃபீடை இறக்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒர்க்மேனேஜரின் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். ஃபோன் உறக்கத்தில் இருந்தால் அதுவும் தள்ளிப்போகும். பயனர் திறக்காத ஃபீடுக்கு டேட்டாவும் பேட்டரியும் போகும். யாராவது கேட்டால் வைஃபையில், சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்ற நிபந்தனையோடு அமைப்புகளில் ஒரு சுவிட்ச், இயல்பில் அணைந்தபடி.

எந்த வழியானாலும்: படங்கள், பேக்கப்

படங்களை டேட்டாபேஸில் போட வேண்டாம், காயில், கிளைடு போன்ற படம் ஏற்றும் நூலகங்களின் டிஸ்க் கேஷே போதும். காயில் இயல்பாக டிஸ்க்கில் 2 சதவீதம் எடுக்கும், 10 எம்பி-க்குக் குறையாமல், 250 எம்பி-க்கு மிகாமல். ஃபீடில் முன்னோட்டப் படத்தை மட்டும் ஏற்றுங்கள். மூலப்படம் தொட்டால் வரட்டும். முகப்படங்களுக்குத் தனி இமேஜ்லோடர், தனிக் கோப்புறை, 15 எம்பி வரம்பு. ஒன்றாக வைத்தால் பெரிய படங்கள் சின்ன முகங்களைத் தள்ளிவிட, ஆஃப்லைனில் ஃபீடு முழுக்கச் சாம்பல் வட்டங்களாக நிற்கும். காயில் 2-இல் இன்னொரு விஷயம்: அது கேஷ் தலைப்புகளை மதிக்கும், காலாவதியான படம் டிஸ்க்கில் இருந்தாலும் நெட்டைக் கேட்டுத் தோற்கும். மதிக்க வேண்டாம் என்று அமைத்துவிடுங்கள். காயில் 3-இல் இயல்பே அப்படித்தான். படமே இல்லாத இடத்துக்கு மாஸ்டடான் ஒவ்வொரு படத்தோடும் ‘பிளர்ஹாஷ்’ அனுப்புகிறது. சில பத்து எழுத்தில் மங்கலான நிறச்சாயல். ஜேசனோடு அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. காணொளியைச் சேமிக்காதீர்கள்.

பேக்கப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப்புக்கு ஒரு செயலிக்கு 25 எம்பி வரம்பு. தாண்டினால் அந்தச் செயலிக்கு பேக்கப் நடக்காது. ஃபீடு டேட்டாபேஸ் வீங்கி அமைப்புகளின் பேக்கப்பையும் சேர்த்து நிறுத்திவிடும். வீங்காவிட்டாலும், பின்தொடர்பவர்களுக்கு மட்டும் எழுதியவை இன்னொரு ஃபோனில் போய் விரியும். கேஷ் டேட்டாபேஸை ‘நோபேக்கப்ஃபைல்ஸ்டிர்’ பாதையில் உருவாக்குங்கள். ரூம் முழுப்பாதையை ஏற்கும்.

எதைத் தேர்வது

ஃபீடு உங்கள் செயலியில் பல திரைகளில் ஒன்று, ஆட்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றால் இரண்டாம் வழியோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் செய்வது பயனருக்காக அல்ல, நிரலாளரின் ஆசைக்காக. ஃபீடுதான் செயலி, அதைத் தினமும் விட்ட இடத்திலிருந்து படிக்கிறார்கள் என்றால் மூன்றாம் வழி, இடைவெளிப் பட்டையோடு. பட்டைக்கு நேரமில்லை என்றால் மூன்றாம் வழியைத் தொடவே வேண்டாம். இடைவெளியை மறைக்கும் டேட்டாபேஸைவிட 40 பதிவுக் கோப்பு நேர்மையானது. நான்காம் வழியிலிருந்து லைக்கும் புத்தகக்குறியும் மூன்றாம் வழியோடு இரண்டு நாளில் சேரும். பதிவு எழுதுவதற்கு முதலில் வரைவு மட்டும் போதும்.

வரம்பு கணக்குக்கு 800 பதிவு. அதற்கு மேல் வைத்தால் சர்வரோடு ஒப்பிட்டு நீக்கத்தைக் கண்டறிய வழியில்லை. பழையதைக் களைவது செயலி பின்னால் போகும்போது நடக்கட்டும், படித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கீழே 40 பதிவாவது விட்டுவைத்து.

சோதிக்கும்போது விமானப் பயன்முறையை நம்பாதீர்கள். எமுலேட்டரில் நெட் வேகத்தை மிகக் குறைத்து, தாமதத்தை வினாடிக்கணக்கில் ஏற்றி, இந்த வரிசையில் செய்து பாருங்கள்: 200 பதிவு ஸ்க்ரோல், செயலியைக் கொல்வது, மறுநாள் திறப்பது, இழுத்துப் புதுப்பிக்கும் நடுவிலேயே கணக்கை மாற்றுவது. கடைசியாகச் சொன்னதில், முதல் கணக்குக்காகக் கிளம்பிய அழைப்பின் பதில் இரண்டாம் கணக்கின் வரிசையில் எழுதப்படுகிறதா என்று டேட்டாபேஸைத் திறந்தே பாருங்கள். கணக்கின் ஐடியை அழைப்பு கிளம்பும்போது எடுக்காமல் பதில் வரும்போது எடுத்திருந்தால் அங்கேதான் மாட்டும்.